குசினிச் சுவர்ச் சித்தாந்தம்: சொற்பச் செலவில் வர்ணம் தீட்டுதல் பற்றிய ஒரு விசாரணை

அவையடக்கம்

உலகத்தின் உற்பத்தியையும் ஒடுக்கத்தையும் ஐயந்திரிபற ஆராய்ந்து முடிவு கண்ட ஆசாரியர்கள் மலிந்த நமது மரபிலே, அவ்வுலகத்தினுள் அடங்கிய கொழும்பு மாநகரிலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இல்லங்கள்தோறும் மூன்று வேளையும் தாளிதப் புகையை ஏற்றுக்கொண்டு வாய் பேசாது நிற்கும் குசினிச் சுவரைப் பற்றித் தனியே ஒரு நூல் செய்யப் புகுந்தாரை நாம் கண்டிலேம். பழைய குசினியைக் குறைந்த பொருட்செலவில் வர்ணம் தீட்டிப் புதுக்குவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை பகர்வதே இச்சிறு விசாரணையின் பிரயோசனம். சிறியதொரு பொருளைச் சைவ சித்தாந்தத்தின் பெரிய பரிபாஷையாற் பேசுதல் அபசாரமாகாதோ எனின், ஆகாது. அழுக்கின் இயல்பையும், அது பற்றியிருக்கும் விதத்தையும், அதனை நீக்கும் கிரமத்தையும் அத்துணை நுட்பமாகப் பகுத்துரைத்த சாத்திரம் கையிலிருக்க, அதனை விடுத்து, கடைக்காரர் இலவசமாகத் தரும் வர்ண அட்டை ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு ஒழுகுவதன்றோ அபசாரம்!

தேச கால நிர்ணயம்

கொழும்பு ஆறு எனத் தபாற்கந்தோர் வழங்கும் வெள்ளவத்தையானது காலி வீதியிலிருந்து கடற்கரைப் புகையிரதப் பாதைவரை ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கிச் செல்வது. முன்னாளில் முற்றமும் மாமரமும் கொண்ட தனிவீடுகள் நின்ற காணிகளிலே இந்நாளில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. அவற்றின் குசினி, இருவர் ஒருங்கே நின்றால் ஒருவரிடம் மற்றவர் வழி கேட்டுக்கொண்டே சமைக்கவேண்டிய விஸ்தீரணமுடையது. சுவர் சீமெந்துப் பூச்சு. அலுமாரிகள் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. யன்னல் கடலை நோக்கினால் உப்புக்காற்றையும், நோக்காதொழிந்தால் அயல்வீட்டுக் கருவாட்டுப் பொரியலின் மணத்தையும் உள்ளே அனுமதிப்பது. கொழும்பு பதின்மூன்றாகிய கொட்டாஞ்சேனையிலோ, புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தையும் பொன்னம்பலவாணேசர் கோயில் மணியோசையையும் அண்டிக் கிடக்கும் பழைய தெருக்களில், தடித்த செங்கற் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் உடைய வீடுகள் இன்னும் உள. சீமெந்துச் சுவருக்கு விதித்தது சுண்ணாம்புச் சுவருக்கு விலக்காகும் இடமும் உண்டாதலின், இப்பேதம் வாசகர் மனத்தில் நிலைபெறுக.

காலத்தை நோக்குமிடத்து, இவ்விசாரணை எழுவதற்கு ஏதுவான துன்பம் அண்மையது. அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு 2020 முதலாகத் தரை ஓடு, சுவர் ஓடு முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட, டொலர் ஒன்றுக்கு இருநூறு அளவில் நின்றது இரண்டொரு திங்களில் முந்நூற்றைம்பதைக் கடந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு மீண்டோர் மண்ணெண்ணெய் அடுப்பையும், அதுவும் கிட்டாதோர் விறகடுப்பையும் மாடிக் குசினிகளில் மூட்டினர். வரிசைகள் கலைந்துபோயின, அவ்வடுப்புகள் எழுதிவைத்த கரியோ மேற்சுவரில் இன்றும் வாசிக்கக் கிடக்கின்றது. ஆகவே, சுவரை இடிக்கப் பொருளின்றி, ஓடு பதிக்க மனமிருந்தும் வழியின்றி, அதே சுவரோடு வாழவேண்டிய குடும்பத்தவரே இந்நூலுக்கு அதிகாரிகளாவர்.

மும்மல விளக்கம்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள், பதியாவார் குசினியை ஆளும் குடும்பத் தலைவி, பசுவாவது சுவர், பாசமாவது அதன்மேற் படிந்துள்ளவை. பாசம் மூவகைப்படும்.

அவற்றுள் ஆணவம் எண்ணெய்ப் பிசுக்கு. இது சுவரோடு எக்காலத்திற் கூடியதென்று எவராலுஞ் சொல்ல முடியாமையின் அநாதி எனப்படும். தேங்காயெண்ணெயானது ஆளி விதை எண்ணெயைப்போலக் காற்றிற் பட்டு இறுகிப் படலமாகும் இயல்பினதன்று; ஆளி விதை எண்ணெயின் அயோடின் எண் 170க்கு மேற்பட, தேங்காயெண்ணெயினுடையது ஏறக்குறையப் பத்தளவிலேயே நிற்றல் இதற்குக் காரணம் காட்டும். இறுகாத இப்பிசுக்கின்மேற் பூசிய பெயின்ற் சுவரைப் பற்றுவதாக நினைத்துப் பிசுக்கைப் பற்றி நின்று, பின்னர் அதனோடு கூடவே உரிந்து வீழும். ஆணவத்தின் உண்மை காட்சி, அனுமானம், உரை என்னும் மூன்று அளவையாலும் சித்திக்கும்: அடுப்புக்கு மேலே மஞ்சளித்துத் தோன்றுதல் காட்சி, விரலை வைத்தெடுக்கையில் விரல் தயங்கி வருதலின் உண்டு என்று கொள்ளுதல் அனுமானம், “பிள்ளை, அந்தச் சுவரிலை சாய்ந்துடாதை, சீலை பாழாப்போம்” என்னும் அம்மம்மாவின் வாக்கு உரை.

கன்மமாவது புகைக்கரி, மஞ்சட்கறை, சரக்குத்தூள் வறுத்த தூசி முதலியன. இவை அவ்வக் காலத்து வினைகளால் ஈட்டப்பட்டமையின், 2022இன் கரி அவ்வாண்டின் வினைப்பயனேயாம்.

மாயையாவது முன்னோர் பூசிய வர்ணங்கள். கொட்டாஞ்சேனைப் பழஞ்சுவர் ஒன்றைக் கத்தியாற் சுரண்டி நோக்கினால், அடியிலே நீலம் கலந்த சுண்ணாம்பும், அதன்மேற் கடற்பச்சை டிஸ்டெம்பரும், அதன்மேல் இறக்குமதி இறுகிக் கிடந்த எழுபதுகளில் மீண்டும் பூசிய வெறுஞ் சுண்ணாம்பும், 1977இற் சந்தை திறந்தபின் வந்த பளபளப்பான எண்ணெய்ப் பெயின்றும், யாவற்றுக்கும் மேலே மங்கிய கிறீம் நிறமுமாக, நாட்டின் பொருளாதார சரித்திரம் அரைத் தேங்காய்த் துருவலின் கனத்தில் அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். சித்தாந்தத்தில் மாயை முற்றும் பகையன்று, துணையுமாம். அதுபோல, தட்டினால் உதிராத பழைய பூச்சு புதுப்பூச்சுக்கு நல்லதோர் ஆதாரமாதலின், அதனை வேரோடு களைய முற்படுதல் வீண் பிரயாசை.

பரபக்கம்

சிவஞான சித்தியார் பரபக்கத்திற் பிறர் மதங்களை மறுத்தபின்னரே சுபக்கத்தில் தன் மதத்தை நிறுவுதலின், நாமும் அம்முறையே செல்வோம்.

முதலாவார் இடிப்புவாதிகள். இவர் பெரும்பாலும் கனடாவிலிருந்து ஆடிவேல் காலத்தில் வந்திறங்கும் உறவினர். “மச்சாள், இதையெல்லாம் உடைச்சுப்போட்டு ஓப்பின் கிச்சினாப் போடுங்கோவன்” என்பது இவர் மூலமந்திரம். அடைத்த யன்னலும் குளிர்காற்று யந்திரமும் மெல்லிய சமையலும் உள்ள தேசத்தில் அது தகும். கருவாடு பொரிக்கும் வீட்டிலே குசினிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட சுவரை நீக்குதல், மண்டபம் முழுவதையும் குசினியாக்குதலேயன்றிப் பிறிதில்லை. அன்றியும் தொடர்மாடியில் எச்சுவர் பாரம் தாங்குவதென்பதைப் பொறியியலாளரைக் கேளாது சுத்தியலைக் கேட்டல் பேராபத்து.

இரண்டாவார் ஒட்டுவாதிகள். புறக்கோட்டை நடைபாதையில் விற்கும் பளபளத்த ஒட்டுத்தாள்களை அடுப்புக்குப் பின்னே ஒட்டி, அரைமணி நேரத்தில் மோட்சம் கிட்டியதாக எண்ணுவர். பிசுக்கின்மேல் ஒட்டிய தாள் ஓரம் சுருள, அச்சுருளினுள் கரப்பான் குடிபுகும்.

மூன்றாவார் பூச்சுவாதிகள். இவரே பெரும்பான்மையோர், ஆதலின் பெரிதும் மறுக்கத்தக்கார். கழுவுதலும் தேய்த்தலும் காலவிரயம். விலையுயர்ந்த பெயின்ற் எதனையும் மறைக்கும் என்பது இவர் கொள்கை. அற்றன்று. நீரிற் கரையும் எமல்ஷன் பூசிய மாத்திரத்தே, அடியிலுள்ள மஞ்சளும் கரியும் அந்நீரிலே ஊறி மேலெழுந்து, புதிய வெண்மையில் பழைய கறையின் வரைபடத்தைப் பிழையின்றி வரையும். இரண்டாம் பூச்சும் மூன்றாம் பூச்சும் அவ்வரைபடத்தைப் பிரதி செய்வனவேயாம்.

நான்காவார் உதாசீனவாதிகள். “வாடகை வீடுதானே” என்பது இவர் ஏது. வீடு பிறருடையதாயினும் அதனுள் இழுக்கும் மூச்சு தம்முடையதென்பதை இவர் மறந்தார்.

சுபக்கம்: நாற்பாதம்

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் படிமுறையாவன. முன்னதின்றிப் பின்னது கைகூடாது.

சரியையாவது கழுவுதல். திருக்கோயிலை அலகிட்டு மெழுகுதல் சரியையாதலின், சுவர் கழுவுதலும் அதன்பாற்படும். வண்ணான் துணியின் அழுக்கை உவர்மண்ணாகிய மற்றோர் அழுக்கையிட்டே போக்குதல்போல என்று சைவ நூலோர் கூறும் உவமை இங்கு உவமையாக நில்லாது உண்மையாகவே அமைகின்றது. உவர்மண்ணில் வேலை செய்வதும், கடையிற் பொதியாக வாங்கும் சலவைச் சோடாவும் ஒரே காரமன்றோ! வெந்நீரிற் கரைத்த அக்காரம் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றி, நீரோடு போகச்செய்யும். அலுமினியப் பாத்திரத்தில் மாத்திரம் அதனைக் கரைக்கலாகாது; கையுறையும் வேண்டும். கழுவுமிடத்து மஞ்சட்கறை திடீரெனச் சிவந்து தோன்றினால் அஞ்சற்க. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர ஆரத்தி நீர் சிவப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. கீழிருந்து மேலாகக் காரநீரைத் தடவி, மேலிருந்து கீழாக நன்னீரால் இருமுறை கழுவுக. வெள்ளவத்தைக் கடலோர வீடுகளில் நன்னீர்க் கழுவல் இன்னும் இன்றியமையாதது. சுவரிற் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை ஓயாது ஈர்த்துப் பூச்சைக் கொப்பளிக்கச் செய்யும்.

கிரியையாவது தேய்த்தலும் நிரப்புதலும். பளபளத்த பழம்பூச்சை மணற் கடதாசியால் மங்கச் செய்தாலன்றிப் புதுப்பூச்சு பற்றாது. ஈண்டு ஒரு விதி உயிர்நிலையானது. இலங்கையிற் பெயின்றிற் கலந்த ஈயத்துக்குச் சட்டபூர்வமான எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியிலேயாம். எமல்ஷனுக்கு மில்லியனில் 90 பங்கும், எனாமலுக்கு 600 பங்கும் உச்ச அளவாக விதிக்கப்பட்டன. ஆகவே, அதற்கு முற்பட்ட எண்ணெய்ப் பெயின்றை உலர்நிலையிற் தேய்த்துத் தூசெழுப்பலாகாது. நீர் தெளித்து ஈரமாகவே தேய்த்து, தேய்த்த சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்து அகற்றுக. அவ்வேளை குழந்தைகள் குசினியின் அயலிலும் இருத்தலாகாது. வெடிப்புகளைப் பட்டி வைத்து நிரப்புதலும், துருவேறிய யன்னற் கம்பிகளைத் தேய்த்து றெட் ஒக்சைட் பூசுதலும் இப்பாதத்திலே அடங்கும்.

யோகமாவது அடிப்பூச்சு. கரியும் மஞ்சளும் நின்ற இடங்களுக்கு எண்ணெய் கலந்த அடிப்பூச்சே வேண்டும். அதனூடே கறை மேலெழாது. பூசியபின் ஓரிரவு ஒன்றுஞ் செய்யாதிருத்தலே இப்பாதத்தின் சாதனையாதலின், மனிதர்க்கு இதுவே மிகக் கடினம். அடிப்பூச்சு காய்வதற்கு முன்னர் விரலால் தொட்டுப் பார்த்து, அவ்விரலின் ரேகையைச் சந்ததியினருக்கு விட்டுச் சென்றோர் எண்ணிலர்.

ஞானமாவது மேற்பூச்சு. சுவருக்கு மெல்லிய மினுக்குள்ள எமல்ஷன் இரண்டு பூச்சு. கதவு, அலுமாரி முதலியவற்றுக்கு எனாமல். அலுமாரிக் கதவுகளைக் கழற்றிக் கிடையாக வைத்துப் பூசுக. நிற்கையிற் பூசினால் பெயின்ற் கண்ணீராய் வடியும். பிணைச்சலுக்குப் பெயின்ற் பூசுவோன் கதவு திறக்கும் உரிமையை இழப்பான். பழைய சோனகத் தெருவில் ஏறியிறங்கி வாங்கும் புதுக் கைபிடிகள், செலவிற் சிறியனவாயினும் பயனிற் பெரியன. அடுப்புக்குப் பின்னுள்ள ஓடுகளுக்கு வெறும் பெயின்ற் வேண்டா. அவற்றைக் கழுவி, இடைக்கோடுகளில் வெள்ளைச் சீமெந்தை நிரப்பினாலே இளமை மீளும்.

கொட்டாஞ்சேனைச் சுண்ணாம்புச் சுவருக்கு மட்டும் இவ்விதிக்குப் புறநடை உண்டு. அச்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும் இயல்பினது. அதன்மேற் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனைப் போர்த்தினால் ஈரம் போக்கிடமின்றிப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். அத்தகைய சுவருக்குக் கழுவி உலர்த்தியபின் சுண்ணாம்பே உசிதம். முன்னாளில் தென்மேற்குக் கரையின் முருகைக்கல்லைச் சுட்டு நீற்றிய அது, காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாகுந் தன்மையது. கைபட்ட இடமெல்லாம் வெள்ளை ஒட்டுமே எனின், வச்சிரப் பசை சிறிது கலந்தால் அக்குறை குறையும். முன்னோர் இடுப்பளவுக்கு எண்ணெய்ப் பெயின்றும் அதற்குமேற் சுண்ணாம்பும் பூசியது, துடைக்கும் கையும் தாளிக்கும் கையும் எட்டும் உயரத்தை அறிந்தேயாம்.

வர்ண நிர்ணயம்

வர்ணத்தைப் பற்றிக் குடும்பங்களில் நிகழும் வாதங்கள் அளவிறந்தன. 1926இல் வியன்னா நகரத்துக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்னும் அம்மையார் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக வகுத்த, இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள குசினி, ஏறத்தாழப் பதினாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டது. ஈக்கள் நீலத்தை வெறுக்குமென அந்நாளிற் கருதப்பட்டமையால் அதற்கு நீல வர்ணம் பூசினர். வெள்ளவத்தை ஈக்கள் அத்தகைய ஜெர்மானியக் கட்டுப்பாடுடையனவா என்பது தனி ஆய்வுக்குரியது.

வெண்மையே வேண்டுமென்பார்க்கு ஒரு வார்த்தை. இன்றைய பெயின்றுக்கு வெண்மை தருவது டைட்டேனியம் டையொக்சைட். அதன் மூலமாகிய இல்மனைற் மணல் நமது புல்மோட்டைக் கரையிலேயே கொட்டிக் கிடக்கின்றது; அம்மணல் கப்பலேறி அந்நிய தேசஞ் சென்று, வெண்பொடியாகி, டொலர் விலையில் மீளும் விசித்திரத்தை நினைந்து வருந்துவோர், தூய வெள்ளையை விடுத்து, மங்கிய மஞ்சளையோ இளம்பச்சையையோ தேர்வார்களாக. தாளித வீட்டில் வெள்ளை, அடுத்த ஆணவத்தை முதலிற் காட்டிக்கொடுக்கும் ஒற்றன். எண்ணெய் எனாமலில் வெள்ளை, வெளிச்சம் புகாத மூலைகளில் தானே மஞ்சளிக்கும் இயல்பும் உடையது. ஆதலின், கறை விழுமுன்னரே கறையின் நிறத்தோடு சமாதானம் செய்துகொண்ட வர்ணமே குசினிக்கு உத்தமம்.

கணிதப் பிரகரணம்

எட்டடி அகலமும் பத்தடி நீளமும் ஒன்பதடி உயரமும் உள்ள குசினியின் சுவர்ப்பரப்பு 324 சதுர அடி, அதாவது முப்பது சதுர மீற்றர். கதவு, யன்னல், அலுமாரி, ஓடு ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிய, எஞ்சுவது இருபது. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீற்றரளவு செல்லுமாதலின், இரு பூச்சுக்கு நான்கு லீற்றரே போதும். கடையில் நான்கு லீற்றர் ரின் இருத்தலும் இவ்விதியின் அநுக்கிரகமே. பத்து லீற்றர் வாங்கினால் மலிவு என்னும் கடைக்காரரின் உபதேசத்தைச் செவிமடுத்தோர் வீட்டில், எஞ்சிய ஆறு லீற்றர் கட்டிலின் கீழே உறைந்து அடுத்த தலைமுறைக்கு முதுசமாகும்.

கால நியமமும் ஒன்று உண்டு. கொழும்பிலே ஒக்டோபர், நவம்பரிற் பெருமழை; ஜனவரி, பெப்ரவரியில் மழை மிகக் குறைவு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் நத்தாருக்கும், சைவர் தைப்பொங்கலுக்கும் வீடு புதுக்குதல் சமயாசாரம் மாத்திரமன்று, பூச்சுக் காயும் பருவத்தை அறிந்த வானிலை ஞானமுமாம்.

ஆசங்கையும் சமாதானமும்

பெயின்ற் பாஸைப் பிடித்தால் எல்லாம் அவரே செய்வாரன்றோ எனின், செய்வார். ஆயின் நாட்கூலிக்கு வந்தவர் பூசும் நாளையே விரும்புவார், கழுவும் நாளை அன்று. ஆகவே சரியையைக் குடும்பத்தவர் தாமே செய்து, கிரியை முதலாக அவரிடம் ஒப்புவித்தல் இருவர்க்கும் நலம். கூலியும் ஒரு நாள் மிஞ்சும்.

கழுவியபின் சுவர் தானே பிரகாசித்துப் பூசவேண்டாத நிலை எய்தினால் என் செய்வது எனின், அது சீவன்முத்தி. அத்தகைய சுவர்கள் நாம் நினைப்பதிலும் பலவாம். மங்கிய வர்ணம் எனப் பழிக்கப்பட்டதிற் பெரும்பங்கு வர்ணத்தின் குற்றமன்று, அதன்மேற் கிடந்த எண்ணெயின் குற்றமே. கழுவும் முன் பெயின்ற் வாங்குவோர் தம் சுவரின் நிறத்தை அறியாமலே அதற்கு மாற்று நிறம் தேடுகின்றனர்.

முடிபு

ஆகவே, பழைய குசினியை மலிவாகப் புதுக்குதலில் முதற் செலவு பெயின்றுக்கன்று, சலவைச் சோடாவுக்கும் வெந்நீருக்குமே என்பது நிறுவப்பட்டது. இதனை வாசிக்கும் இல்லறத்தார் கடைக்குச் செல்லுமுன் சுவரைக் கழுவுக. இரவு காய விடுக. மறுநாட் பகல் வெளிச்சத்தில் நின்று நோக்குக. அதன்பின்னரும் வர்ணம் வேண்டுமெனத் தோன்றினால், நான்கு லீற்றருக்கு மேல் வாங்காதொழிக.